நான்காம் வார்த்தைக்கு ஒரு பேஸ்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

சபையில் இன்று ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற தவநாட்கள் முடியும்வரை மனதைச் சோதித்துப் பார்த்து இதில் எழுத வேண்டுமாம். கொடுத்தது ஐயர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம். "யாரும் வாசிக்க மாட்டாவ, பயப்படாம எழுதுங்க" என்றார். "வாசிக்க ஆளே இல்லன்னா எழுத்துப்பிழைக்கு யார் ஐயரே சிரிப்பாவ?" என்று கேட்டேன். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நான் வேதமுத்து. ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பாளையங்கோட்டையில் மாவு மில் வைத்திருக்கிறேன். சபைக் குவயரில் முப்பது வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மனைவி பியூலா அதே குவயரில் முன்வரிசைப் பாட்டுக்காரி. மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

லெந்துக்கு எதை விடப்போகிறேன் என்று முதலில் எழுத வேண்டும். கறி என்று எழுதினேன். பியூலா எட்டிப் பார்த்தாள்.

"போன வருசமும் கறியத்தான் விட்டீய. நாலாம் நாளு இசக்கி அண்ணன் வீட்டுல எலும்பும் கையுமாப் புடிச்சேன்."

"அது எலும்பு. கறி இல்ல."

பிப்ரவரி 20, வெள்ளி

பயிற்சி முடிந்ததும் ஆசீர் மாஸ்டர் என்னை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். அவர்தான் குவயரை நடத்துகிறவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மரத்தடிக்குக் கூப்பிட்டால் இன்னும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம், ஏழு பாட்டு. 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற நான்காம் வார்த்தைக்கான பாட்டைத் தனிக்குரலில் பாடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதைப் பாடுவது பியூலா. வேறு ஊரில் இருந்தெல்லாம் அந்தப் பாட்டுக்கென்று வருகிறவர்கள் உண்டு. வருடம் முழுக்க மாவு படிந்து கிடக்கிறவள் அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும்.

"போன ஞாயித்துக்கெழம பியூலா சுதியவிட்டு எறங்கிட்டாங்க, வேதமுத்து."

"சளி மாஸ்டர். தொண்ட கட்டியிருந்துச்சு."

"கிறிஸ்மஸுக்கும் எறங்குனாங்க."

"அதுவும் சளிதான் மாஸ்டர். ஒரே சளி, போகவே இல்ல."

மாஸ்டர் சிரிக்கவில்லை. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பியூலாவையும் ஷைனியையும் பாட வைத்துப் பார்க்கப் போகிறாராம். சரியாகப் பாடுகிறவருக்குப் பெரிய வெள்ளி. ஷைனி நர்சிங் படிக்கிற பிள்ளை, தேன் மாதிரிக் குரல். "நீங்களே பியூலாட்ட சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன். பியூலா பாத்திரம் துலக்கிக்கொண்டே, "வைக்கட்டும். பாடுதேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரே தட்டை மூன்று முறை துலக்கினாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

குக்கர் ஆறு விசில் விட்டது. நான் வாசலில் இருந்து வந்து அணைத்தேன். பியூலா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தில் அவ்வளவு கவனம்.

பருப்பு கஞ்சியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

மிளகாய் அரைக்கிற நாள். மில்லில் எங்களுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. மிசின் வாயில் கொட்டி, கல்லைக் கூட்டிக் குறைத்து, மாவு வாங்குவது பியூலா. வாசலில் நின்று நிறுத்துப் போட்டு, வருகிறவர்களிடம் பேசுவது நான். யாராவது பேச வேண்டும் அல்லவா. இருபத்துநான்கு வருடமாக இப்படித்தான்.

இன்று அவள் பின்கட்டில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். நான் மிசின் பக்கத்தில் நின்றேன். திடீரென்று கதவருகே வந்து, "பெல்ட்டு நழுவுது, நிப்பாட்டுங்க" என்றாள். பார்த்தால் உண்மையாகவே பெல்ட் ஓரத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து எப்படிட்டி தெரிஞ்சுது?"

"காலுல தெரியுதுலா. தரை வேற மாதிரி அதிருது."

வெறுங்காலைப் பார்த்தேன். மிளகாய்ப் பொடி ஒட்டி, சிவந்து கிடந்தது. மத்தியானம் முழுக்க ஒரு யோசனை. அதை எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு காணாது.

பிப்ரவரி 27, வெள்ளி

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் நின்றுகொண்டு பேஸ் வாசிக்கிறார். கிட்டார் இல்லை. ஆள் உயரத்துக்குத் தரையில் ஊன்றி நிற்கிற வாத்தியம். பழைய பெரிய பேஸுக்கு பீரோ அளவு வயிறு இருக்கும், இதற்கு வயிறே இல்லை. கழுத்தும் முதுகெலும்பும் மட்டும்தான். நாலு கம்பி, ஒரு ஒயர். எலெக்ட்ரிக் அப்ரைட் பேஸ் என்று பெயராம். வில்லாலும் வாசிக்கலாம்.

பியூலாவிடம் காட்டினேன்.

"எனக்கு இது வேணும்."

"கிட்டாருக்கு என்ன கேடு?"

"தோளுல தொங்கிக் கழுத்து வலிக்கி. இதுன்னா அது பாட்டுக்கு நிக்கும்."

"முப்பது வருசம் வலிக்காத கழுத்தா?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பேசும்போது வாயையே பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 2, திங்கள்

திருவனந்தபுரம் போய் வந்தேன். மில்லில் சும்மா கிடந்த பழைய மோட்டாரை விற்ற காசு மடியில் இருந்தது. கடையில் மூன்று நிமிர்ந்த பேஸ்கள் நின்றன. இரண்டின் விலையைக் கேட்டதும் எட்ட நின்றே கும்பிட்டுவிட்டேன். மூன்றாவது சைனாவில் செய்தது. கருப்புப் பெயின்ட், கழுத்து ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது. கம்பிகளைத் தாங்குகிற மரக்குதிரை அதிக உயரம், அமுக்கினால் விரலை அறுக்கிறது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஹெட்போன் மாட்ட ஒரு துளை. வில்லும் அதற்குத் தேய்க்கிற பிசின் கட்டியும் சேர்த்துத் தந்தார்கள்.

கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வாத்தியத்தை ஒட்டி வெறுங்காலோடு நின்றேன்.

"என்னா அண்ணாச்சி செய்யிறீங்க?" என்று மலையாளத் தமிழில் கேட்டார்.

"சும்மா. தரையில வருதான்னு பாக்கேன்."

"பேசைக் காதுல கேக்கணும், கால்ல இல்ல."

"எங்க ஊருல கால்லதான் கேப்போம்" என்றேன். கடையில் வேலை செய்கிற பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். தரையில் ஒன்றும் வரவில்லை. டைல்ஸ் தரை, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாங்கினேன். ரயிலில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் அது என்ன, மடக்குக் கட்டிலா என்று கேட்டார்.

மார்ச் 4, புதன்

பூட்டி நிறுத்தினோம். மூன்று கால் ஸ்டாண்டு. இசக்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் என் சிநேகிதன், பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

"என்னவே இது, தாமிரபரணியில தோணி விடப் போறீரா? தொடுப்பு மாதிரி இருக்கு."

துடுப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் கிட்டாரில் இருப்பதுபோல் கட்டை கட்டையாகக் கம்பி பதித்திருக்காது. வழுவழுவென்று இருக்கும். எங்கே அமுக்கினால் எந்த சுரம் என்று விரலுக்குத்தான் தெரிய வேண்டும். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இசக்கி அவன் வீட்டுக்காரியிடம் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தான். சுரத்துக்கு ஒன்றாகக் கழுத்து ஓரத்தில் ஒட்டினோம். ஏழு பொட்டு.

"கிறிஸ்தவன் வீட்டுல எனக்கில்லாத பொட்டு இதுக்கா?" என்று பியூலா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். அளவுக்கு மீறிய சத்தம். அவளுக்கே அது தெரியாதது மாதிரி இருந்தது.

மார்ச் 7, சனி

முதல் பயிற்சி. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் குவயரே எழுந்து நின்றது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, பொட்டுகளை எண்ணிப் பார்த்தார்.

எங்கள் குவயர் மேடை பழைய தேக்குப் பலகை. ஐயர் நின்று ஆராதனை நடத்துகிற ஆல்டருக்கு இடது பக்கம் ஒரு முழ உயரத்தில் இருக்கும். கீழே வெற்றிடம். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடுதான் ஏறுவோம். ஸ்பீக்கர்கள் எல்லாம் சுவரில், சபையைப் பார்த்து இருக்கும். மேடையில் ஸ்பீக்கர் பெட்டி வைக்க மாஸ்டர் விடமாட்டார்.

பியூலாவுக்குப் பக்கத்தில் துடுப்பை நிறுத்தினேன். வில்லை இழுத்தேன். சுவரில் இருந்து சத்தம் வந்தது. பலகையில் ஒன்றும் வரவில்லை. நான் காலால் தடவித் தடவிப் பார்த்தேன். பியூலா பாடினாள். இரண்டாம் அடியில் இறங்கினாள். ஷைனி குனிந்து பாட்டுத்தாளைப் புரட்டினாள், அது ஒரு பக்கத் தாள்தான்.

மாஸ்டர் பியூலாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

ஸ்டாண்டின் மூன்று காலிலும் கனமான ரப்பர் குல்லா இருக்கிறது. ரப்பர்! மில் மோட்டாருக்கு அதிர்வு தரையில் இறங்கக் கூடாது என்று நானே ரப்பர் வைத்தவன். ஆறு நாளாக இது என் மண்டையில் ஏறவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ரப்பரைக் கழற்றினால் மூன்று காலும் தகரக் குழாய்தான், நிற்கவில்லை. இசக்கி பட்டறைக்குத் தூக்கிப் போனேன். மூன்று காலும் வேண்டாம், வாத்தியத்தின் அடியில் நேராக ஒரே இரும்புக் கால் கடைந்து திருகிக் கொடு, நுனி கூராக இருக்கட்டும் என்றேன்.

"மூணு காலுல நிக்கத விட்டுட்டு ஒத்தக் காலு என்னத்துக்குவே?"

"ஸ்டைலா இருக்கும்."

"நீரும் ஒம்ம ஸ்டைலும். பியூலா தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஏன் கேக்க?"

"நேத்து ரோட்டுல பின்னாலருந்து ஆரன் அடிச்சிட்டே போனேன். திரும்பவே இல்ல."

"ஒன் வண்டி ஆரனுக்கு நானும் திரும்ப மாட்டேன்" என்றேன். இசக்கி கடைசல் மிசினைப் போட்டான். பிறகு அரை மணி நேரம் இரண்டு பேருக்கும் பேச வசதி இல்லை.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை மெதுவாக எழுத வேண்டும்.

இரும்புக் காலைப் பலகையில் ஊன்றினேன். கூர் கொஞ்சம் உள்ளே இறங்கி 'கறுக்' என்றது. துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு டி கம்பியில் வில்லை வைத்து நீளமாக இழுத்தேன். நான்காம் வார்த்தைப் பாட்டு டி மைனர்.

பலகை பேசியது. என் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது மாதிரி வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. மில் தரையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் வந்தது.

பியூலா குனிந்து காலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு அரை எட்டு என் பக்கமாக நகர்ந்து நின்றாள். பாடினாள். இரண்டாம் அடியில் நின்றாள், மூன்றாம் அடியில் நின்றாள், இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேரும் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

மார்ச் 17, செவ்வாய்

விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மில் சாத்தியிருக்கிற நேரமெல்லாம் வில்லை இழுக்கிறேன். ஒரே சுரத்தை நடுங்காமல் எட்டு எண்ணிக்கைவரை இழுப்பது, கல்லு மிசினைக் கையால் சுற்றுவதைவிடக் கஷ்டம்.

பியூலா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விரலில் தடவினாள்.

"இந்த வயசுல இது ஒங்களுக்குத் தேவையா?"

"தேவதான்."

"எதுக்கு?"

கேட்டுவிட்டு விரலைப் பிடித்தபடியே வாயைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம்.

"எனக்கும் ரசிகைகள் வேணும்லா" என்றேன். கையை விட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 19, வியாழன்

சில்லறை தேடி பியூலாவின் பையில் கைவிட்டேன். ஒரு காது டாக்டரின் சீட்டு இருந்தது. போன ஜூலை தேதி. தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அவள் நாகர்கோவில் போன நாள். கோடு கோடாக ஒரு படம், இரண்டு கோடும் கீழே கீழே இறங்கிப் போகிறது. அடியில் டாக்டர் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார். என் ஐந்தாம் வகுப்புக்கு அதில் ஒரு சொல்தான் தெரிந்தது. நாய்ஸ். சத்தம்.

இருந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டேன். நான் அதைப் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கமிட்டி செயலாளர் பொன்னையா மேடையில் குத்த வைத்து உட்கார்ந்து, நான் போட்ட ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அவர் தாத்தா உபயமாகக் கொடுத்த பலகை அது.

"நூறு வருச தேக்குவே. ஆணி எறக்கியிருக்கீரு."

"ஒரு ஓட்டதான செயலாளரே. மில்லுல கெடக்க மொளகா வத்தல் போட்டு அடச்சிருதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னையா சிரிக்கவில்லை. ஐயர் குறுக்கே வந்து, பண்டிகை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். "நான் பாத்துக்கிடுதேன்" என்றார் பொன்னையா.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து சபை கலைந்தது. மேடையில் மாஸ்டர், நான், பியூலா, ஷைனி. மாஸ்டர் கீபோர்டில் ஒரு முறை சுதியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"வாத்தியம் வேண்டாம். வெறும் கொரல் போதும்."

பியூலா அசையவில்லை.

"மாஸ்டர், எனக்கும் பரீட்ச வைங்க" என்றேன். "ஒரு மாசமா வெரலத் தேச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல வாசிக்கேன். ஒருத்தருக்கு நல்லா, ஒருத்தருக்கு மோசமாவெல்லாம் வாசிக்க எனக்குத் தெறம கெடையாது."

"வேதமுத்து..."

"மாமா வாசிக்கட்டும் மாஸ்டர்" என்றாள் ஷைனி. "எனக்கும் பயம் கொறையும்."

மாஸ்டர் கையை அசைத்தார். ஷைனி முதலில் பாடினாள். எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகு. பிறகு பியூலா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கால்விரல்கள் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கு வில்லைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் வில் வழுக்கியது, அவள் குரல் நூல் அளவு ஆடியது, பிடித்துவிட்டேன், பிடித்துவிட்டாள்.

மாஸ்டர் கீபோர்டை மூடினார்.

"பியூலா, இந்த வருசமும் நீங்கதான்."

ஷைனி ஓடிவந்து பியூலாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதை நான் ஒரு இரும்புக் காலை வைத்துத் தட்டிப் பறித்தேனா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே போகச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

பியூலா வெள்ளைச் சேலையைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்தாள். நான் துடுப்புக்குப் புது பேட்டரி போட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒன்றும் சாப்பிட முடியவில்லை. கறி இல்லாததால்தான் என்று பியூலாவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

பதினொன்றே காலுக்குப் போனோம். சபை அதற்குள் பாதி நிறைந்திருந்தது. எல்லாம் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. ஆல்டரில் கறுப்புத் துணி.

குவயர் மேடை முழுக்க நீலக் கார்ப்பெட்.

அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு மெத்தை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்திருந்தார்கள். பொன்னையா பெருமையாகப் பக்கத்தில் நின்றார். "நம்ம உபயம்வே. இனி நீரு எந்தக் கடப்பாறய வேணும்னாலும் கொண்டாரும், பலகைக்கு ஒண்ணும் ஆவாது."

நான் ஏறி நின்றேன். கால் புதைந்தது. கம்பியைச் சுண்டிப் பார்த்தேன். காலுக்குக் கீழே தரை செத்துக் கிடந்தது. நான் போட்ட ஓட்டைக்காக விரித்த கார்ப்பெட்.

பியூலா ஏறினாள். ஒரு எட்டு வைத்தாள். நின்றாள். கால் கட்டைவிரலால் ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவள் இடத்தில் போய் நின்றுகொண்டு பாட்டுத்தாளைப் பிரித்தாள்.

"செயலாளரே, இந்த ஓரத்த மட்டும் சுருட்டிக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்குவே?"

எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டர், ஷைனி, ஆல்ட்டோ பாடுகிற பெண்கள், முன் பெஞ்சில் இருந்த பெரியவர்கள். எதுக்கு என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது என் வாக்கியம் இல்லை, அவளுடையது. அவள் ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாதது. சொன்னால் அவளை இத்தனை பேர் முன்னால் நிறுத்தி உடுப்பை உருவின மாதிரி. சொல்லாவிட்டால் அவள் விழுவாள்.

வாயைத் திறந்தேன்.

"இல்ல, மெத்த சொகமா இருக்கு. மூணு மணி நேரத்துல நான் ஒறங்கிட்டேன்னா?"

சிரித்தார்கள். மாஸ்டர்கூடச் சிரித்தார். பொன்னையா என் தோளில் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மணி அடித்தது.

முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை, மூன்றாம் வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரப் பிரசங்கம். ஒரு துண்டுத் தாளில் மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். குனிந்து ஆணியைப் பிடுங்கியிருக்கலாம். நான் வில்லுக்குப் பிசின் தேய்த்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.

ஒன்றரை மணிக்கு நான்காம் வார்த்தை. பியூலா மைக் முன்னால் போனாள். மாஸ்டர் சுதியைத் தொட்டார். நான் வில்லை இழுத்தேன்.

முதல் அடி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் சரியாக வந்தது. இரண்டாம் அடியில் இறங்க ஆரம்பித்தாள். கொஞ்சமாக இல்லை. என் சுரம் ஒரு பக்கம், அவள் குரல் ஒரு பக்கம். முன் பெஞ்சில் ஒரு அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். ஷைனி தரையைப் பார்த்தாள். மாஸ்டரின் கை கீபோர்டில் இருந்து தானாகவே எழுந்தது.

பியூலா அந்தக் கையைப் பார்த்தாள். பாட்டை நிறுத்திவிட்டாள்.

எண்ணூறு பேர் இருக்கிற கோயிலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஃபேனும் என் டி கம்பியும். நான் நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள்.

"சபையார் மன்னிக்கணும்" என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாக வந்தது. "எனக்குக் காது கேக்கல. ஒரு வருசமாச்சு. யார்ட்டயும் சொல்லல. பாட்ட முதல்லருந்து பாடுதேன்."

மைக்கை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். துடுப்பு என் இடது தோளில் சாய்ந்திருந்தது. அதன் கழுத்தில் கையை வைத்தாள். போதவில்லை என்று தெரிந்தது. தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பை மரத்தோடு ஒட்டினாள். பொட்டுகளுக்கு மேலே. அவள் நெற்றி என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஷைனி மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாய்க்கு நேராக வைத்தாள். மாஸ்டர் கீபோர்டைத் தொடவில்லை. நான் மட்டும் இழுத்தேன்.

பாடினாள். கண்ணைத் திறந்தபடியே பாடினாள். ஒரு அடிகூட இறங்கவில்லை. கடைசி அடியில் என் வில் நடுங்கியது, அதை அவள்தான் தாங்கிப் பிடித்தாள். முடிந்ததும் தலையை உடனே எடுக்கவில்லை. கம்பி அடங்குகிறவரை அப்படியே நின்றாள். பிறகு போய் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். ஐயர் பிரசங்கத்தை ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்தில் கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். ஆள் ஆளாக வந்து பியூலாவின் கையைப் பிடித்தார்கள். மாஸ்டர் வந்தார். ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டு, "ஈஸ்டருக்கு நாளைக்கு ஒம்பது மணிக்குப் பயிற்சி" என்றார். பொன்னையா தூரத்திலேயே நின்றார்.

நாங்கள் பக்கவாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கிண்ணத்தில் கஞ்சி சுட்டது. நான் குனிந்து கஞ்சிக்குள் பார்த்தபடி, "நல்ல வேள, மெத்தையில நான் ஒறங்கல" என்றேன்.

பியூலா என் முழங்கையை இடித்தாள்.

"எல்லாரும் எதுக்குச் சிரிச்சாவ, நீங்க என்ன சொன்னீயன்னு ஒரு வருசமா எனக்கு ஒண்ணும் தெரியல. பின்னால நின்னு முணுமுணுக்கீய, ஊரு சிரிக்கி. இனிமே என்னைய நக்கல் பண்ணணும்னா மூஞ்சிக்கு நேரா பண்ணுங்க."

"ஒனக்கு நான் வாங்குன தொடுப்பு எதுக்குன்னு..."

"ரப்பரக் கழட்டுன அன்னைக்கே தெரியும்."

"சொல்லலயே நீ."

"நீங்க சொன்னீயளா?"

திரும்பி அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். நக்கல் ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

"மில்லு சத்தம்தான்" என்றேன். "அந்தச் சீட்ட நான் பாத்தேன். இருவத்துநாலு வருசமா ஒன்னய மிசின் பக்கத்துல ஒக்கார வச்சிட்டு நான் வாசல்ல நின்னு சிரிச்சிட்டு இருந்தேன். ஒரு நாளாவது எடம் மாத்தி நின்னிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல பியூலா. என்னாலதான்."

அவள் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொல்லி முடித்தும் எடுக்கவில்லை. பிறகு என் தோளில் கிடந்த துண்டை உருவி என் கையில் கொடுத்தாள்.

"ஒதட்டுல கஞ்சி" என்றாள். "பாதிதான் தெரிஞ்சுது. மறுபடியும் சொல்லுங்க."

வாயைத் துடைத்துக்கொண்டு, முதலில் இருந்து சொன்னேன்.